போலீஸை வீடியோ எடுக்கலாமா? எடுத்தபின் என்ன செய்வது?

எந்த வாகனச் சோதனையிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். ஹெல்மெட் போடாத பையனின் பைக் சாவியைக் காவலர் உருவிக்கொள்கிறார், கன்னத்தில் ஒன்று விடுகிறார். பின்னால் வண்டியை நிறுத்தியவர் போனை எடுக்கிறார். “என்ன, வீடியோவா? போனை உள்ளே வை!” அவரும் வைத்துவிடுகிறார். வைத்திருக்க வேண்டியதில்லை.

பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் பிடிப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேரளத்தில் 2011ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சட்டப்படி பதிவு செய்பவரைப் போலீஸ் தடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் நமக்கு அப்படி வெளிப்படையான ஒரு வரி இல்லை. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஸ்டேஷனுக்குள் எடுத்தால் அலுவல் ரகசியச் சட்டம் பாயும் என்று மிரட்டுவார்கள். அந்தச் சட்டம் சொல்லும் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்பதில் காவல் நிலையம் வராது என்று 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதாட உதவும்.

உங்கள் மேல் உண்மையில் வரக்கூடிய வழக்கு வேறு: அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது. ஆகவே முதல் வேலை, தள்ளி நிற்பது. பத்தடி போதும். காவலருக்கும் பிடிபட்டவருக்கும் நடுவே போகாதீர்கள், யாரையும் தொடாதீர்கள். பின்னால் போகச் சொன்னால் போங்கள், கேமராவை அணைக்காமல் போங்கள். “சார், தள்ளித்தான் நிக்கிறேன், குறுக்கே வரலை” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்தக் குரலும் பதிவாகும். பின்னால் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

போனைப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். தேதி, நேரம், இடத்தை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். வசனம் பேசப் பேச அடி விழும் சத்தம் அமுங்கிப்போகும். கடைப் பலகை, மைல்கல், ஜீப்பின் எண், சட்டையில் உள்ள பெயர்ப் பட்டை எல்லாம் ஒரு சுற்று வரட்டும். கைது செய்யும் காவலரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவு. நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள்.

நம் விருதுநகர்ப் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. பட்டாசு ஆலைக்குள் ரெய்டு நடந்தாலும் மருந்து இருக்கும் அறைப்பக்கம் போனை எடுத்துப் போகாதீர்கள். கேட்டுக்கு வெளியே நின்று எடுப்பதோடு சரி. உள்ளே நடக்கும் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டியது போலீஸின் கடமை என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105. அந்தப் பதிவைக் கேட்டு வாங்க வக்கீலிடம் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு நடப்பதில்தான் பெரும்பாலான வீடியோக்கள் வீணாகின்றன. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரை அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த சில நொடிப் பதிவு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. வழக்கு சிபிஐக்கு மாறியது. உங்கள் பதிவும் அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் வெட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி கூகுள் டிரைவில், ஒன்று நம்பகமானவரிடம். அசல் உங்கள் போனிலேயே இருக்கட்டும். நீதிமன்றத்தில் பிரதியைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

போனைப் பறித்தால் மல்லுக்கட்ட வேண்டாம். “எந்தப் பிரிவில் எடுக்கிறீங்க, ரசீது கொடுங்க” என்று கேளுங்கள். அங்கே இருந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வீடியோ இல்லையா? பக்கத்துக் கடை சிசிடிவியை அன்றைக்கே கேளுங்கள். 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து இறந்துபோன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் தாங்களே தரையில் உருண்டு காயப்பட்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது. கடைப்பக்கம் இருந்த கேமராவில் அப்படி எதுவும் இல்லை. ஸ்டேஷன் கேமராவோ அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கேமரா வைக்க உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை எல்லாம் அதில் அடக்கம். உத்தரவு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி விருதுநகர் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மறுநாளே பதிவுத் தபால் அனுப்புங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் இருவரும் உறுப்பினர்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ மனு. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

புகாரை ஸ்டேஷனில் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது.

முகநூலில் போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். குழந்தைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் முகம் தெரிந்தால் சட்டம் உங்கள் மேலேயே திரும்பும். கேமரா ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதும் இல்லை. 2024 செப்டம்பரில் அருப்புக்கோட்டை மறியலில் பெண் டிஎஸ்பியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தவர்களையும் வீடியோதான் காட்டிக்கொடுத்தது.

எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீதை வீட்டில் பத்திரமாக வையுங்கள். ‘எங்களுக்குத் தெரியாது, பதிவு அழிந்துவிட்டது’ என்று பின்னால் சொன்னால், எந்தத் தேதியில் அவர்களுக்குத் தெரியும் என்பதை அந்தச் சீட்டின் முத்திரை சொல்லும்.