"போர்டு போச்சு" என்று சொல்லும் முன்

வீட்டிலேயே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால், திரையில் எந்தப் பாகத்தின் பெயர் வருகிறதோ அதுதான் கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் திசை திருப்பும் என்பதை 2024 காட்டியது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை கோர் ஐ9 பிராசஸர் வைத்திருந்த பலருக்கு கேம் திறக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்ற செய்தி வந்தது. 24 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டிலும் இதே கதை. சந்தேகமெல்லாம் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான். ஆனால் கேமின் சுருக்கிய கோப்புகளை விரித்துக் கொடுக்கும் பிராசஸர் கணக்கில் தவறியிருந்தது. கேமோ சம்பந்தமில்லாத செய்தியைக் காட்டியது. கார்டு தயாரிக்கும் என்விடியாவே ஏப்ரலில் இன்டெல்லை அணுகச் சொன்னது. சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கியதை ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் தந்தது.

பயாஸ் அப்டேட் போட்டால் எல்லாம் சரியாகும் என்பது அடுத்த நம்பிக்கை. பயாஸ் அப்டேட்டாக வந்த இன்டெல்லின் அந்தத் திருத்தம் நல்ல சிப்பைக் காக்கும். ஏற்கெனவே கெட்டதை மீட்காது. அதனால்தான் வாரண்டி 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. இந்த வகை சிப் வைத்திருப்பவர்கள் பில்லைத் தேடி எடுத்து வைப்பது நல்லது.

எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை விஷயத்திலும் இப்படித்தான். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றினால் "பவர் நல்லா இருக்கு" என்பார்கள். சப்ளைக்கு உயிர் இருக்கிறது என்பதைத் தவிர அந்தச் சோதனை வேறெதையும் சொல்வதில்லை. 12 வோல்ட் லைனுக்கு, பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் தர விதி நெடுங்காலமாக அனுமதித்த ஏற்ற இறக்கம் 5 சதவீதம். சுமை ஏறும்போது 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்பதே கேள்வி. சாதாரண வேலைக்கு நன்றாக ஓடி, கேம் தொடங்கியதும் பட்டென்று அணையும் கம்ப்யூட்டரில் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. பழையதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

ரேமை ரப்பரால் தேய்த்தால் உயிர் வரும் என்பதில் பாதி உண்மை உண்டு. பல நேரங்களில் பலன் தருவது, கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டுவதுதான். கரடுமுரடான ரப்பர் தங்கப் பூச்சைத் தேய்க்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

ஹார்டு டிஸ்க் சாகும் முன் எச்சரிக்கும் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை டிஸ்க் தன்னைத்தானே கண்காணிக்கும் 'ஸ்மார்ட்' அமைப்பின் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. சில டிஸ்குகள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும். அப்போது திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது, மிச்சமிருக்கும் தரவையும் சுரண்டிவிடலாம்; அணைத்துவிட்டு நேராகத் தரவு மீட்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.