மாஸ்டர்ஸ் படிக்கப் போறீங்களா? முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள்



போன மாதம் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். கணினி அறிவியலில் டிகிரி முடித்து மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார். "அண்ணே, மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஆசை. ஆனா என் சி.ஜி.பி.ஏ. 2.43தான். யாரும் எடுக்க மாட்டாங்க, இல்ல?" என்றார். விசாரித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

நம்மில் பலர் இப்படித்தான். கதவைத் தட்டாமலே பூட்டியிருக்கிறது என்று திரும்பி விடுகிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

1. உள்ளே போக என்ன வேண்டும்?

நம் நாட்டில் உயர்கல்வித் தகுதிகளுக்கு அடிப்படை வரையறையை வகுப்பது எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமை. கணினித் துறை மாஸ்டர்ஸுக்குப் பொதுவான அளவுகோல், அத்துறையில் டிகிரியும் 2.50 சி.ஜி.பி.ஏ.-வும். இது குறைந்தபட்ச அளவு. 3.00 கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

2.50-க்குக் கீழே, ஆனால் 2.00-க்குக் குறையாமல் இருந்தால்? பல்கலைக்கழகம் தானே உங்களைக் கடுமையாக மதிப்பிட்டுப் பார்த்து எடுக்கலாம். துறையில் ஐந்து வருஷ வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் வழியும் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு முதல் வழி திறந்தே இருக்கிறது.

வேறு துறையில் டிகிரி எடுத்தவர்களும் வரலாம். நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு போன்ற அடிப்படைப் பாடங்களை முன்கூட்டியே படித்து முடிக்கச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் மாதங்களையும் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்.

டிகிரியே இல்லாதவர்களுக்கு 'ஏப்பெல்' என்ற வழி உண்டு. 30 வயது நிறைந்து, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவு படிப்பும் துறை அனுபவமும் இருந்தால், அந்த அனுபவத்தை மதிப்பிட்டு மாஸ்டர்ஸில் சேரத் தகுதி தருவார்கள். வீட்டில் அண்ணன், அக்கா, சித்தப்பா யாராவது இப்படி இருந்தால் சொல்லுங்கள்.

2. மூன்று வழிகள்

சேர்வதை விட முக்கியமானது எந்த வழியில் சேர்கிறோம் என்பது.

பாடநெறி வழி: வகுப்பு, அசைன்மெண்ட், தேர்வு, கடைசியில் ஒரு புராஜெக்ட்.

ஆய்வு வழி: கிரெடிட் கணக்கு கிடையாது. ஆய்வு முறைப் பயிற்சி, ஆய்வு முன்மொழிவு, ஆய்வேடு, பிறகு தேர்வாளர்கள் முன் வாய்மொழித் தேர்வு.

கலப்பு வழி: கொஞ்சம் பாடம், மீதி ஆய்வு.

இங்கேதான் நான் தவறு செய்தேன். "எக்ஸாம் இல்லை, வேலையும் பார்த்துக்கிட்டே முடிச்சிடலாம்" என்று ஆய்வு வழியில் சேர்ந்தேன். என்ன கேள்விக்கு விடை தேடப் போகிறேன் என்றே எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் எந்தத் துறைக்காரர் என்றும் பார்க்கவில்லை. தேர்வு இல்லாததால் யாரும் என்னை விரட்டவும் இல்லை. ஒன்றரை வருஷம் கட்டணம் கட்டினேன். கையில் இருந்தது பதினோரு பக்கம். அதோடு நிறுத்தினேன். அம்மாவிடம் சொல்ல இரண்டு மாதமானது.

பிறகு பாடநெறி வழியில் மறுபடி சேர்ந்து முடித்தேன். ஆய்வு வழி மட்டமானது என்று சொல்லவில்லை. பி.எச்.டி. போக நினைப்பவருக்கும், மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருப்பவருக்கும் அதுதான் சரி. எனக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

3. வெளியே வர என்ன வேண்டும்?

பாடநெறி வழி மாஸ்டர்ஸுக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. பெருக்கிப் பாருங்கள்: 1,600 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே இரண்டரை வருஷத்தில் முடிப்பதென்றால், வாரத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். வகுப்பு, வாசிப்பு, அசைன்மெண்ட் எல்லாம் சேர்த்துத்தான். அந்த 12 மணி எங்கிருந்து வரும்? ஓவர்டைமா, ஃபுட்சாலா, தூக்கமா? சேருவதற்கு முன்பே பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. டிகிரியில் 2.00 எடுத்தால் தப்பிக்கலாம். மாஸ்டர்ஸில் பெரும்பாலான இடங்களில் 3.00 இருந்தால்தான் பட்டம். சராசரி 'பி'-க்குக் கீழே இறங்கக் கூடாது. உள்ளே போகும் கதவு நாம் நினைப்பதை விட அகலம். வெளியே வரும் கதவுதான் குறுகல்.

4. பணம்

இ.பி.எஃப். பணத்தில் 'சேஜாத்ரா' கணக்கிலிருந்து சொந்தப் படிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு. மாஸ்டர்ஸ் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கும் கேட்கலாம். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் கட்டுமுன் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இந்த மாதப் பயிற்சி

ஒரு தாளில் நான்கு வரி எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

அ. எனக்கு ஏன் மாஸ்டர்ஸ் வேண்டும்?
ஆ. மூன்று வழிகளில் என்னுடையது எது, ஏன்?
இ. வாரம் 12 மணி நேரம் எங்கிருந்து வரும்?
ஈ. இந்த வாரம் எந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்கப் போகிறேன்?

2.43 தம்பி ஏற்கெனவே இரண்டு இடங்களுக்கு எழுதிவிட்டார். ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது: "நேர்முகத்துக்கு வாருங்கள்." கிடைக்குமா கிடைக்காதா என்பது இனிமேல்தான் தெரியும். கதவைத் தட்டியாகிவிட்டது.