வண்டியில் நீர் ஒழுகினால்

கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்களில், உப்புக் காற்றும் உவர்நீரும் பழைய வண்டிகளின் ரேடியேட்டரை எளிதில் அரித்துவிடும். ஆதலின் இதனை நாம் அறிந்திருத்தல் நலம்.

வெப்பமுள் திடீரென ஏறினால் உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். ஆறுமுன் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் சூடேறியிருக்குமாதலால் பீறிட்டு மேனியைப் பொசுக்கும்.

ஆறியபின் ஒழுக்கைத் தேடுவோம். ரப்பர் குழாய் வெடித்திருப்பின் செலவு சிறிது. தண்ணீர்ப் பம்பின் அடியில் சொட்டினால் அதன் சீல் தேய்ந்திருக்கலாம். வெளியே ஒழுகாமல் நீர் குறைந்து, வெண்புகை ஓயாது வந்து, எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் ஹெட் காஸ்கெட் பழுதென்று ஐயுறலாம். அவ்வண்டியை ஓட்டாது கட்டி இழுத்தே பட்டறை சேர்க்க வேண்டும். ஓட்டினால் எஞ்சினையே இழப்போம்.

உவர்க்கிணற்று நீரை விலக்கி, காய்ச்சி வடித்த நீருடன் உரிய கூலண்டைக் கலந்து ஊற்றுவோமாக. சிறு ஒழுக்கை இன்றே அடைத்தால், நெல்லும் நெசவுச் சரக்கும் நடுவழியில் நில்லா.