வண்டியின் நோயும் அதன் ஓசையும்

மனிதனுக்கு நோய் கண்டால் வாய் திறந்து சொல்வான். வண்டிக்கு வாயில்லை, ஆனால் ஓசையுண்டு. அதைக் கேட்கப் பழகியவனே நல்ல மெக்கானிக்.

மோட்டார் தொழில் நம் பகுதிக்குப் புதியதன்று. 1988 வரை வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. அதே 1988-இல்தான் டாட்டா நிறுவனம் டாட்டாமொபைல் பிக்-அப் வண்டியை வெளியிட்டது. இன்றும் மேடவாக்கம் - சோழிங்கநல்லூர்ச் சாலையில் காய்கறியும் தண்ணீர்க் கேனும் ஏற்றிச் செல்லும் பழைய பிக்-அப் வண்டிகளைக் காணலாம். ஒவ்வொன்றையும் நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

என் சித்தப்பாவின் டீசல் வண்டியும் அத்தகையதே. சென்ற ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அது கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசையும் ஒரு முனகலும்தான். புதிய செல்ஃப் மோட்டார் போட வேண்டும் என்றது ஒரு பட்டறை. இரண்டு நாள் வாடகை ஏற்கெனவே போயிருந்தது. "பொறுங்க சித்தப்பா, மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம்" என்றேன்.

பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது; குறையில்லை. சாவியைத் திருப்பியபோது பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மட்டும் 4 வோல்ட் காட்டியது. அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. எர்த் ஒயர் போல்ட்டில் துரு! செல்ஃப் மோட்டார் ஏறத்தாழ 200 ஆம்பியர் இழுப்பது. அத்துணை மின்னோட்டத்தில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்குத் தடை இருந்தாலே 4 வோல்ட் வீணாகும். நாம் வகுப்பில் படித்த ஓம் விதியே இது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் வண்டி கிளம்பிற்று.

இனி, பொதுவாகக் குறை காணும் முறையைக் காண்போம்.

கிளம்பாத வண்டி: முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிடுக. முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரியையோ அதன் முனைகளையோ பார்க்க வேண்டும். விளக்கு மங்காமல் 'டக்' ஓசை மட்டும் வந்தால் சோலினாய்டு, மோட்டார், எர்த் இணைப்பு இவற்றைச் சோதிக்க வேண்டும். மோட்டார் மட்டும் 'விர்ர்' எனத் தனியே சுற்றினால், அதன் பல்சக்கரம் எஞ்சினுடன் சேரவில்லை. எஞ்சின் நன்கு சுற்றியும் பற்றவில்லையெனில் மின்சாரத்தை விட்டு எரிபொருளுக்குச் செல்க: டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், டீசலில் நீர் கலந்திருக்கலாம்.

ஓடும்போது எழும் ஓசை: இது எஞ்சினின் வேகத்தோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா? இக்கேள்வியே பாதி விடை. நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஓசையும் ஏறினால் குறை எஞ்சின் பக்கம். கிளப்பியவுடன் கிறீச்சிட்டால் பேன் பெல்ட் தளர்ந்திருக்கும். 'டிக் டிக்' என மெல்லிய ஓசை டப்பெட் இடைவெளியைச் சுட்டும். ஏற்றத்தில் ஆழ்ந்து 'டொக் டொக்' என்றால் உடனே நிறுத்துக. பேரிங் தேய்ந்திருக்கலாம், மேலும் ஓட்டினால் எஞ்சினே பாழாகும். கிளட்சை மிதித்ததும் ஓசை நின்றால் கியர்பெட்டியின் பேரிங்கையும், மிதித்ததும் தோன்றினால் கிளட்ச் பேரிங்கையும் ஐயுறுக. வண்டி நகரத் தொடங்கும்போது 'டங்' என்றால் கிராஸ் ஜாயிண்ட்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது விளங்காது, ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தானே!

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைக் கண்ட பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொல்கிறார் வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில். அது உடலுக்கு மட்டுமன்று, வண்டிக்கும் பொருந்தும். அன்று சித்தப்பாவுக்கு ஆன செலவு ஓர் உப்புத்தாள் மட்டுமே. மறுநாள் விடியலில் அவருடைய வண்டி காய்கறியுடன் தாம்பரம் சந்தைக்குப் போயிற்று.