யா புனைய்ய! – வளர்ந்த மகனிடம் ஒரு வார்த்தை கேட்போம்

 



ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் இந்த நாட்களில் நம் ஓமலூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: காலாண்டுப் பரீட்சை. ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கும் பையன் இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். டிவி சத்தம் குறைந்திருக்கும், அத்தாவின் குரல் கூடியிருக்கும். அம்மா இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு சோறு போடுவார். பையன் தட்டைப் பார்த்தபடி நாலு கவளம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

இந்தப் பருவத்தில்தான் தாய்மார்கள் பாட்டிலில் தண்ணீரோடு பள்ளிவாசலுக்கு அதிகம் வருகிறார்கள். "ஹஜ்ரத், பையன் யார்கிட்டயும் பேசவே மாட்டேங்கிறான், கண்ணேறு மாதிரி இருக்கு, ஓதிக் கொடுங்க" என்கிறார்கள். ஓதிக் கொடுக்கிறேன், ஷிஃபா அல்லாஹ்விடம் இருக்கிறது. கூடவே ஒன்றும் கேட்பேன். "நேற்று அவனிடம் வீட்டில் யார், என்ன பேசினீர்கள்?" யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வாக்கியம் தேறும். எழுந்திரு. படி. போனை வை. மூன்றும் கட்டளை. அவனிடம் கேட்ட கேள்வி ஏதாவது உண்டா என்றால், "மார்க் எவ்வளவு?" என்ற ஒன்றுதான்.

குர்ஆனில் தந்தைமார் மகன்களை எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். மகன் என்பதற்கு அரபியில் 'இப்னு'. ஆனால் குர்ஆனில் தந்தை தன் ஒரு மகனை அழைக்கும் இடங்களில் வருவது 'யா புனைய்ய' என்ற சொல். அரபி இலக்கணத்தில் இதைத் தஸ்ஙீர் என்போம். சிறிதாக்கிச் சொல்வது, இங்கே அது செல்லத்துக்காக வருகிறது. நம் பேச்சில் "என் ராஜா", "என் தங்கம்" என்பது போல. இந்த அழைப்பு குர்ஆனில் ஆறு இடங்களில் வருகிறது. லுக்மான் (அலை) உபதேசிக்கும்போது மூன்று முறை (31:13, 16, 17). கனவைச் சொன்ன யூசுஃபிடம் யஃகூப் (அலை) ஒரு முறை (12:5). அறுப்பதாகத் தாம் கண்ட கனவைச் சொல்லும்போது இப்ராஹீம் (அலை) ஒரு முறை (37:102). வெள்ளத்தில் மூழ்கப்போகும் மகனைக் கூப்பிடும் நூஹ் (அலை) ஒரு முறை (11:42). இவர்களில் நூஹ் நபியின் மகன் தந்தையை நிராகரித்தவன். அவனையும் அந்தத் தந்தை கூப்பிட்டது 'யா புனைய்ய' என்றுதான்.

மீசை அரும்பிய பையனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? "டேய்" என்பதைக்கூட விடுங்கள், அதிலும் பாசம் இருக்கலாம். "எருமை", "தண்டம்" என்கிறோமே, அதற்கு எந்த இலக்கணத்தில் இடம்?

இப்ராஹீம் நபியின் சம்பவத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நபிமார்களின் கனவு வஹீ. அதாவது அல்லாஹ்வின் கட்டளை முடிவாகிவிட்டது. மகனுடைய சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறைவேற்றியே ஆக வேண்டும். அப்படியிருந்தும் அந்தத் தந்தை, தம்மோடு ஓடியாடி உழைக்கும் வயதை எட்டிய மகனை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லி, உன் கருத்து என்ன, யோசித்துப் பார் என்று கேட்டார்கள். உயிரைக் கேட்கும் விஷயத்திலேயே மகனிடம் கருத்துக் கேட்கப்பட்டிருக்கிறது. பத்தாவது முடித்ததும் அறிவியல் பிரிவா, காமர்ஸா, பாலிடெக்னிக்கா என்பதை நம் வீடுகளில் மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து முடிவு செய்கிறோம். படிக்கப் போகிறவன் வாசலில் நிற்கிறான்.

நபி (ஸல்) அவர்களின் சபையில் நடந்த ஒரு நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பானம் ஒன்று கொண்டுவரப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அருந்தினார்கள். வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் பெரியவர்கள். வலப்பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டுமா என்று அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் சம்மதிக்கவில்லை, உங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாத்திரத்தை அவருடைய கையிலேயே வைத்தார்கள். நாமாக இருந்தால், "பெரியவங்க இருக்காங்க, என்னடா பேச்சு" என்று ஒரு அதட்டல் போட்டிருப்போம். கேட்பது என்றால் அவன் 'இல்லை' என்று சொல்லவும் இடம் தருவது. 'சரி' என்ற பதிலுக்கு மட்டும் இடம் வைத்துக் கேட்டால் அதுவும் கட்டளைதான்.

அனஸ் (ரலி) அவர்களை அவருடைய தாயார் உம்மு சுலைம் (ரலி) நபி (ஸல்) அவர்களின் பணிக்குக் கொண்டுவந்து விட்டபோது வயது 10. பத்து ஆண்டுகள் பணி செய்தார்கள். கணக்குப் பாருங்கள், 10 முதல் 20 வரை. நம்மை வாட்டும் அதே வயது. அந்தப் பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை, செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அனஸ் அவர்களே சொல்கிறார்கள். அனஸ் தவறே செய்யாத பிள்ளையாக இருந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், வழியில் கடைத்தெருவில் பையன்கள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பினால் நபி (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். 'உனைஸ்' என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்கிறார்கள். இதோ போகிறேன் என்கிறார் அனஸ் (முஸ்லிம்). அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் 2,286 நபிமொழிகளை அறிவித்த பெரும் ஸஹாபி. அன்போடு நடத்தப்பட்ட பிள்ளை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறது. திட்டு வாங்கிய பிள்ளைக்குத் திட்டு மட்டுமே நினைவிருக்கும்.

அப்படியென்றால் கண்டிப்பே கூடாதா? கூடும். எதில் கண்டிப்பு, எதில் விட்டுக்கொடுப்பு என்பதைத்தான் நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

உஹுத் போருக்கு வந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அப்போது வயது 14, அனுமதி கிடைக்கவில்லை. கந்தக் போரின்போது 15. அனுமதி கிடைத்தது (புகாரி, முஸ்லிம்). வேறு அடையாளங்கள் தெரியாவிட்டாலும் 15 வயதில் ஒருவர் பாலிக் என்று பெரும்பாலான இமாம்கள் சொல்வதற்கு இதுவே ஆதாரம். ஹனஃபி மத்ஹபிலும் ஃபத்வா இதன்படிதான். அது சந்திர ஆண்டுக் கணக்கு. ஆங்கிலக் கணக்கில் பதினான்கரை வயதை ஒட்டி வந்துவிடும். ஆகவே பத்தாம் வகுப்புப் பையன் அல்லாஹ்விடம் ஏறக்குறைய எப்போதுமே முழு மனிதன். அவனுடைய ஃபஜ்ர் அவன் கணக்கில் எழுதப்படுகிறது. நாமோ, "ராத்திரி படிச்சான், பாவம், தூங்கட்டும்" என்று அங்கே அவனைக் குழந்தையாக்கிவிடுகிறோம்.

அதே பையனிடம் மாலையில் பைக் சாவியைக் கொடுத்து, "கடைக்குப் போயிட்டு வாடா" என்கிறோம். அங்கே அவன் நமக்குப் பெரியவனாகிவிடுகிறான். சட்டப்படி 18 வயது வரை அவன் சிறுவன். 16 வயதில் கிடைக்கும் உரிமம் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு மட்டும்தான். நம் தெருவில் ஓடும் வண்டிகளோ ஏறக்குறைய எல்லாமே 100 சிசியும் அதற்கு மேலும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. சட்டத்தை விடுங்கள், நாம் இருப்பது எந்த ஊர்? பெங்களூர் நெடுஞ்சாலை நம் ஊரை ஒட்டி ஓடுகிறது. தொப்பூர் கணவாயில் இறங்கி வரும் லாரிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். புரட்டாசி மழை பெய்த மாலையில் ரோடு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். உங்களைத் தாண்டி அவனுடைய உயிரும் எதிரில் வருபவரின் உயிரும் அமானிதம். தொழுகையில் அவனைப் பெரியவனாக நடத்துங்கள். சாவி விஷயத்தில் அவன் சிறுவன் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது கைபேசி. அதில் என்ன பார்க்கிறான் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வெட்கத்தால் யாரும் வாய் திறப்பதில்லை. ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்டார் (அஹ்மத்). சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அருகில் வரச் சொன்னார்கள், உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு, மாமிக்கு, சின்னம்மாவுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவரே ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பிறகு கையை அவர் மீது வைத்து துஆ செய்தார்கள். அந்த இளைஞர் இப்படிப்பட்ட விஷயத்தை எங்கே வந்து கேட்டார் என்பதை யோசியுங்கள். கேட்டால் அடி விழாது என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. நம் பையனுக்கு ஒரு சிக்கல் வந்தால், யாரோ போனில் மிரட்டினால், பணம் போய்விட்டால், தவறான நட்பில் மாட்டிக்கொண்டால், முதலில் யாரிடம் சொல்வான்? யூசுஃப் (அலை) தம் கனவை முதலில் சொன்னது அத்தாவிடம். பதினோரு நட்சத்திரமும் சூரியனும் சந்திரனும் எனக்கு ஸஜ்தா செய்தன என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று யஃகூப் நபி சொல்லவில்லை. கேட்டார்கள், அர்த்தம் புரிந்துகொண்டார்கள், அண்ணன்மாரிடம் சொல்லாதே என்று எச்சரித்தார்கள். சின்ன விஷயத்தைக் கேட்காத காதிடம் பெரிய விஷயம் வராது.

எப்போது பேசுவது, நேரமே இல்லையே என்பீர்கள். அல்லாஹ் இந்தப் பருவத்தில் நேரம் தருகிறான். ஜூலையில் முக்கால் மணி வாக்கில் இருந்த மக்ரிப், செப்டம்பர் கடைசியில் 6:10-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. நவம்பரில் ஆறுக்கும் முன்னால் போய்விடும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்திருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது (புகாரி, முஸ்லிம்) சின்னப் பிள்ளைகளுக்கு என்றாலும், பெரியவனுக்கும் அது நல்ல வழக்கம். நிலக்கடலை பறிக்கும் காலம் இது. ஒரு படி பச்சைக் கடலை வாங்கி அவித்து நடுவில் வையுங்கள். கடலை உரிக்கும் கை போனை எடுக்காது. பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கடையில் இன்று என்ன நடந்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவன் ஒரு வாரம் வாயே திறக்காமல் கடலை மட்டும் தின்றாலும் பரவாயில்லை.

இப்னு அப்பாஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது, தம் தாயின் சகோதரியான மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு உறங்கியதை அந்தப் பையன் கவனித்திருக்கிறார் (புகாரி). நடு இரவில் தொழ எழுந்ததைப் பார்த்து அவரும் உளூச் செய்து இடப்பக்கம் போய் நின்றார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய காதைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுவந்தார்கள். நீங்கள் இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்பதை அடுத்த அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களுக்கும், பெங்களூரில் கடை வைத்து மாதம் ஒருமுறை வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீடியோ காலில் மனைவி குறை சொல்வார், நீங்கள் அங்கிருந்து திட்டுவீர்கள், பையன் திரையில் தலை குனிந்து நிற்பான். வாரத்தில் ஒரு நாள் அவனுடைய நம்பருக்கே தனியாகப் போன் செய்யுங்கள். அம்மாவை வைத்து விசாரிக்காதீர்கள். அந்தத் தாய் ஏற்கெனவே இரண்டு ஆள் வேலை பார்க்கிறார். வேவு பார்க்கும் வேலையும் அவருக்கு வேண்டாம்.

எல்லாம் செய்தும் பிள்ளை வழி தவறிப் போன வீடுகள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து "வளர்ப்பு சரியில்லை" என்று பேசுபவர்கள் நூஹ் நபியை நினைத்துப் பார்க்க வேண்டும். அலை நடுவில் வரும் வரை அந்தத் தந்தை கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஹிதாயத் நம் கையில் இல்லை. கூப்பிடுவது நம் கையில் இருக்கிறது.

காலாண்டு விடுமுறை வரப்போகிறது. பையன்கள் கூட்டமாகக் கிணற்றுக்கும் ஏரிக்கும் குளிக்கக் கிளம்புவார்கள். மழைக்குப் பிறகு நீரின் ஆழம் அவர்களுக்குத் தெரியாது. வெறும் "போகாதே" நிற்காது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு நீங்களே எங்காவது கூட்டிப் போங்கள். மேட்டூரா, ஏற்காடா என்பதை அவனே சொல்லட்டும். ளுஹர் ஜமாஅத் எந்த ஊர்ப் பள்ளியில் கிடைக்கும் என்று விசாரிக்கும் பொறுப்பையும் அவனிடமே விடுங்கள்.

நம் மனைவியரையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நமக்குக் கண் குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.