இன்றைய ஆங்கிலச் சொல்: டோல்

"டோல்கேட் ஒண்ணு குடுங்க"ன்னு பஸ்ல தினமும் டிக்கெட் வாங்குறோம். டோல்னா என்ன? அகராதியில் தேடினேன். இரண்டு பொருள் கிடைத்தது.

உச்சரிப்பு: டோல். ('டால்' என்று சொன்னால் 'உயரமான' என்று பொருள் மாறிவிடும்!)

பொருள் 1: சாலை, பாலத்தைக் கடக்கச் செலுத்தும் சுங்கம்.
டோல்கேட் – சுங்கச்சாவடி.
டோல் ஃப்ரீ – கட்டணமில்லாதது. ஆபத்தில் உள்ள சிறுவர்களுக்கான 1098 ஒரு டோல் ஃப்ரீ எண். மனப்பாடம் பண்ணிக்கோங்க.

பொருள் 2: இழப்பின் அளவு.
டெத் டோல் – இறந்தோர் எண்ணிக்கை.
வாக்கியம்: த சுனாமி டுக் எ ஹெவி டோல் இன் 2004.
(2004இல் சுனாமி ஏராளமான உயிர்களைப் பறித்தது.)

ஒரே சொல்தான், ஓரிடத்தில் காசு, இன்னோரிடத்தில் உயிர். ஆகவே முழு வாக்கியத்தையும் படித்துவிட்டுப் பொருள் சொல்லுங்கள்!