சரக்கை விற்கும் தந்திரங்கள்

வியாபாரம் ஹலாலான தொழில். நாயகம் (ஸல்) அவர்களே கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கோடு ஷாம் தேசம் சென்று வந்தவர்கள். ஆனால், பொருளின் தரத்தால் விற்பது வேறு. வாங்குபவர் கண்ணைக் கட்டி விற்பது வேறு. அத்தகைய தந்திரங்கள் சிலவற்றை ஷரீஅத் பெயர் சொல்லியே தடுத்துள்ளது.

1. நஜ்ஷ்: வாங்கும் எண்ணமில்லாதவர் ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதும், பொருளை இல்லாததைச் சொல்லிப் புகழ்வதும் நஜ்ஷ் ஆகும். இது ஹராம். கூலி வாங்கிக்கொண்டு, தான் தொட்டும் பாராத பொருளுக்கு இணையக் கடைகளில் நற்சான்று எழுதுவதும் இந்த இனமே. பிள்ளைகள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்கள் என்று பெற்றோர் மகிழுமுன், அது எந்தச் சம்பாத்தியம் என்று கேட்டறிய வேண்டும்.

2. தஸ்ரியா: பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கவைத்து ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பது. ஏமாந்தவர் விரும்பினால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என ஹதீஸில் வந்துள்ளது. பெட்டியைப் பெரிதாக்கி, உள்ளே சரக்கைக் குறைப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

3. குறையை மறைத்தல்: நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட, விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

4. பொய்: விலையை ஏற்றி எழுதிப் பின் “பாதி விலை” என்பதும், தினந்தோறும் “இன்றே கடைசி” என்பதும் பொய்யே. இணைய வியாபாரத்தில் இத்தகைய பொய்யான அவசரம் உள்ளிட்ட 13 தந்திரங்களை இந்திய அரசும் 2023-ல் விதி வகுத்துத் தடுத்தது. பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை அழித்துவிடும்.

வினா: அப்படியானால் விளம்பரமே கூடாதா?

விடை: கூடும். உள்ளதைச் சொல்வதில் குற்றமில்லை. உண்மையான தள்ளுபடி நல்லதே. ஏலமும் ஆகும், நாயகம் (ஸல்) அவர்களே ஒரு விரிப்பையும் கிண்ணத்தையும் ஏலம் விட்டுள்ளார்கள்.

வினா: குறையைச் சொல்லாமல் முன்பே விற்றிருந்தால்?

விடை: வாங்கியவரைத் தேடிச் சொல்ல வேண்டும், அவர் விரும்பினால் திரும்பப் பெற வேண்டும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியை மறதியாகச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள் என வரலாறு கூறுகிறது.

பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் நாளில், கடை திறக்கும் சகோதரர்களும் கடைக்குச் செல்லும் சகோதரிகளும் இதை நினைவில் வைப்பார்களாக! ஆமீன்.